எடுப்பதா, காப்பதா: வடசென்னைப் பெண்ணின் முன்னுள்ள இரண்டு வழிகள்

மார்பில் தட்டுப்பட்ட கட்டி புற்றுதான் என்று பயாப்ஸி சொல்லிவிட்டது. அது மார்பையும் அக்குளையும் தாண்டிப் போகவில்லை என்று ஸ்கேனும் சொல்லிவிட்டது. இந்த நிலையில் நிற்கும் பெண்களில் பலருக்கு அறுவைசிகிச்சையில் இரண்டு வழிகள் உண்டு. மார்பை முழுவதுமாக எடுத்துவிடலாம். இல்லையென்றால் கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மார்புக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பேச்சில் முதலாவது “மார எடுக்கறது”. இரண்டாவதில் பெண்களை மிரட்டுவது அதன் பின்பாதி: “கரண்ட் வைக்கறது”.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை மருத்துவ ஆய்வுகள் எப்போதோ செய்துவிட்டன. ஆனால் அவை மிலானிலும் பிட்ஸ்பர்க்கிலும் இருந்துகொண்டு செய்தவை. காசிமேட்டில் மீன் வெட்டி விற்கிற ஒருத்திக்கும், திருவொற்றியூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிற ஒருத்திக்கும் அதே ஒப்பீடு எப்படி மாறுகிறது என்பதே எனக்கு முக்கியம். உயிர்க் கணக்கில் இரண்டு வழியும் சமம். நாள், கூலி, கை என்று வந்தால் சமமே இல்லை. இந்த இரண்டாவது கணக்கை அவளுக்கு யாரும் போட்டுக் காட்டாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால், அந்த முடிவு அவளுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உயிர்க் கணக்கு. பால்டிமோரின் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-இல் தன் அறுவைசிகிச்சை முடிவுகளை வெளியிட்டதிலிருந்து ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு, மார்போடு நெஞ்சுத் தசையையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து வழித்தெடுப்பதே உலகெங்கும் முறையாக இருந்தது. எவ்வளவு அதிகம் வெட்டுகிறோமோ அவ்வளவு பத்திரம் என்ற நம்பிக்கை. அதை உண்மையிலேயே சோதித்துப் பார்க்க 1970-கள் வரவேண்டியிருந்தது. மிலானில் உம்பெர்த்தோ வெரொனேசி, 2 சென்டிமீட்டருக்கு மேல் போகாத கட்டி உள்ள 701 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றதற்கு மார்பின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு. 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது முதல் குழுவில் 41.2 சதவீதமும் இரண்டாவதில் 41.7 சதவீதமும் ஏதோ ஒரு காரணத்தால் இறந்திருந்தனர். வேறுபாடு இல்லை என்றே பொருள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1,851 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் இதையே சொன்னது. இரண்டின் இருபதாண்டு முடிவுகளும் 2002 அக்டோபரில் ஒரே மருத்துவ இதழில் சேர்ந்து வெளிவந்தன.

“எடுத்துட்டா தொல்ல வுட்டுது டாக்டர்” என்று சொல்லும் பெண்ணிடம் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். எடுத்துவிட்டால் நோயோடு சேர்ந்து பயமும் போய்விடும் என்று அவள் நினைக்கிறாள். மார்பை எடுத்தவர்களுக்கும் அந்த இடத்துத் தோலில் நோய் திரும்ப வரக்கூடும். அபூர்வம்தான், ஆனால் வரும். எலும்பு, நுரையீரல், ஈரல் என்று வேறு இடத்தில் தலைகாட்டும் வாய்ப்பு இரண்டு வழியிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதைத் தடுப்பவை கீமோ, மாத்திரை, ஊசி ஆகியவை. கத்தி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அதில் பெரிய பங்கில்லை.

இதே ஃபிஷர் ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. நம் ஊருக்கு அதுதான் உயிர்நாடியான எண் என்று நினைக்கிறேன். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காமல் விட்ட பெண்களில் 39.2 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுக்குள் அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 சதவீதம். (இன்றைய மருந்துகளோடு இந்த இரண்டாவது எண் இன்னும் கீழே இறங்கிவிட்டது.) மார்பைக் காக்கும் வழி என்பது இரண்டு பாதி கொண்ட ஒரே சிகிச்சை. முதல் பாதியை முடித்துக்கொண்டு, இரண்டாவதற்கு வராமல் நின்றுவிடுகிறவள் இரண்டு வழிகளையும் விட மோசமான மூன்றாவது ஒன்றில் போய் நிற்கிறாள். கரண்டுக்கு அவளால் கடைசி நாள் வரை வர முடியுமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இந்த வழியை அவளுக்குச் சொல்வது பொறுப்பான செயலாகாது.

ஆக, நாள் கணக்கு.

பழைய முறையில் கதிர்வீச்சு திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், 25 முறை. முழுசாக ஐந்து வாரம். கட்டி இருந்த இடத்துக்குத் தனியாகச் சில நாள் கூடுதலாகக் கொடுத்தால் ஆறு வாரம். மேசையில் படுத்திருப்பது பத்து பதினைந்து நிமிடம்தான். போய்வரும் நேரமும் காத்திருக்கும் நேரமும் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடும். காசிமேட்டு ஏலம் விடியும் முன்பே தொடங்குகிறது. ஏலத்தில் மீன் எடுத்து, காலை வியாபாரத்தில் விற்றால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும். அவளுக்கு ஆறு வாரக் காலைகள் என்பது ஆறு வார வருமானம். அதோடு போவதில்லை. அவள் உட்காரும் இடமும், வாடிக்கையாக அவளிடம் வாங்குகிறவர்களும் கைமாறிப் போகலாம். அவள் “எடுத்துடுங்க” என்று சொன்னால் அதை அறியாமை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவள் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறாள்.

1987 அக்டோபரில் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரேகனும் இதே கணக்கைப் போட்டார். மேமோகிராமில் தெரிந்த சிறிய கட்டி. மார்பைக் காக்கலாம் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டிருந்தது. ஆனால் வாரக்கணக்கில் கதிர்வீச்சுக்குப் போனால் தன் அன்றாட வேலைகள் குலைந்துவிடும் என்று சொல்லி அவர் முழு மார்பையும் எடுத்துக்கொண்டார். தவறான முன்னுதாரணம் என்று அங்கே அவரைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு. அடுத்த சில மாதங்களில் அந்நாட்டில் மார்பைக் காத்துக்கொள்ளும் பெண்களின் விகிதம் கால்வாசி சரிந்ததாகப் பின்னாளில் ஓர் ஆய்வு காட்டியது. அவர் செய்தது தவறென்று நான் நினைக்கவில்லை. வாசலில் காரும் வீட்டிலேயே மருத்துவரும் இருந்த ஒருவருக்கே அந்த நாள்கள் பாரமாகத் தெரிந்தன என்றால், எர்ணாவூரிலிருந்து ரயில் பிடிக்கிறவளின் தயக்கத்தை எவ்வளவு மதிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அவள் போடும் கணக்கில் இருக்கும் எண்கள் பழையவை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, 25 முறைக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலான அளவில் 15 அல்லது 16 முறை கொடுத்தால் போதும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட முறை. ஐந்து வாரம் மூன்று வாரமாகிவிட்டது. 2020-இல் வெளிவந்த பிரிட்டனின் ‘ஃபாஸ்ட்-ஃபார்வர்ட்’ ஆய்வு, 4,096 பேரை வைத்து, ஐந்தே முறையில் ஒரு வாரத்தில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று காட்டியது. எல்லோருக்கும் பொருந்தாது, எல்லா இடத்திலும் கொடுப்பதும் இல்லை. அக்குள் பகுதிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு வேறு கணக்கு. ஆனாலும் “எனக்கு எத்தன நாள் வரணும் டாக்டர்?” என்று அறுவைக்கு முன்பே கேட்கும் ஒரு கேள்வி, ஒரு பெண்ணின் முடிவையே மாற்றிவிடக்கூடும். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒன்றரை மாதம் ஆனது என்பதை வைத்து இன்றைக்கு ஒருத்தி தன் மார்பை இழப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தூரமும் அப்படித்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. கதிர்வீச்சு சென்னைக்குப் புதிய சங்கதி இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்ட் கதிரியல் நிலையம் 1934-இல் தொடங்கியது. புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, பல ஆண்டு விடாமல் முயன்று 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். மூன்றே ஆண்டில் அங்கே கோபால்ட் கருவி வந்துவிட்டது. வடசென்னைக்காரர்களுக்கு அடையாறு என்றால் நகரின் மறுகோடி. பஸ் மாறிப் போய்வருவதே ஒரு நாள் வேலை. ஆனால் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் என்று நின்று வரும் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் சென்ட்ரலில் வந்து முடிகிறது. சாலையைக் கடந்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் மெட்ரோவும் மாறாமல் சென்ட்ரலுக்கே கொண்டுபோய் விடுகிறது. கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில் பஸ்ஸில் சிக்கிக்கொண்ட அனுபவத்தை வைத்தே தூரத்தை அளப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. எந்த மருத்துவமனையில் அறுவை என்பதைவிட எங்கே கரண்ட் என்பதைக் கொண்டு இடத்தைத் தேர்வு செய்வதில் அர்த்தமிருக்கிறது. அறுவைக்கு ஒரு தடவை படுத்து எழுந்தால் ஆயிற்று. கரண்டுக்குத்தான் தினமும் போக வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் நாள் தவறும். இடையில் விட்டுப்போன நாள்களை ஈடுகட்டாமல் விட்டால் கதிர்வீச்சின் பலன் குறையும். மீனவக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஏலமும் மந்தம். அறுவையும் கீமோவும் முடிந்து கதிர்வீச்சு அந்த நாள்களில் விழுமானால் நல்லது. அதற்காக ஜனவரியில் கட்டியைக் கண்டவள் “தடைக்காலம் வரட்டும்” என்று அறுவையையே தள்ளிப்போடுவது ஆபத்து. ஓரிரு வாரம் யோசிப்பதற்கு எடுத்துக்கொண்டால் எதுவும் கெட்டுவிடாது. மூன்று மாதம் என்பது வேறு.

இனி, இந்த ஒப்பீட்டின் நடுவிலேயே இருக்கும் ஒரு பள்ளத்தைச் சொல்லியாக வேண்டும். மார்பை எடுத்துவிட்டால் கரண்ட் வேண்டாம் என்று நம்பித்தான் பலர் அந்த வழியைத் தேர்கிறார்கள். கட்டி சிறியதாக இருந்து, அக்குள் கணுக்களில் நோய் இல்லாவிட்டால் அது சரி. கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் நோய் இருந்தாலோ, மார்பை எடுத்த பிறகும் நெஞ்சுக்கும் கழுத்தோரத்துக்கும் கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும். ஒன்று முதல் மூன்று கணுக்களில் இருந்தாலும் பல மருத்துவர்கள் கொடுக்கவே சொல்வார்கள். நம் நாட்டில் பெண்கள் கட்டி பெரிதான பிறகே வருவது இன்னும் சாதாரணம். ஆகவே கரண்டுக்குப் பயந்து மார்பைக் கொடுத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து வரும் பயாப்ஸி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கரண்டு வரிசையிலும் போய் உட்காரும் நிலை ஒருத்திக்கு நேரலாம். நாள்களை மிச்சம் பிடிக்க அவள் கொடுத்த விலை வீணாகிறது. இது முன்பே ஊகிக்க முடியாத சங்கதியும் இல்லை. கட்டியின் அளவு ஸ்கேனில் தெரியும். அக்குள் கணு சந்தேகமாக இருந்தால் ஊசி வைத்து எடுத்துப் பார்க்கலாம். “மார எடுத்தா எனக்குக் கரண்ட் தேவைப்படாதுன்னு எவ்ளோ தூரம் நம்பலாம்?” என்று கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. தேவைப்படும் என்பதே பதிலாக இருந்தால், பயணத்தைக் காரணம் காட்டி மார்பை எடுக்கும் வாதம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

பெரிய கட்டி என்பதாலேயே காக்கும் வழி அடைபட்டுப் போவதும் இல்லை. முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு, பிறகு அதை மட்டும் எடுப்பது இப்போது வழக்கத்தில் இருக்கும் முறை. ஒரே மார்பில் தள்ளித் தள்ளிப் பல கட்டிகள் இருந்தாலோ, தோல் முழுக்கச் சிவந்து வீங்கிய வகையாக இருந்தாலோ, முன்பே நெஞ்சில் கதிர்வீச்சு வாங்கியிருந்தாலோ முழுதாக எடுப்பதே பெரும்பாலும் முறை. குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வந்து, மரபணுச் சோதனையிலும் அது தெரிந்தால் யோசனையே வேறு திசையில் போகும்.

காக்கும் வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எடுத்த சதையின் ஓரத்தில் நோய் தென்பட்டால் இன்னொரு முறை மேசையில் ஏற வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது நேர்கிறது. இரண்டாவது அறுவை என்றதும் “நோய் பரவிடுச்சு” என்று தெருவே பேசும். முதலிலேயே சொல்லி வைத்திருந்தால் அந்தப் பேச்சை அவளால் தாங்க முடியும். பிறகு ஆண்டுதோறும் மேமோகிராம். கதிர்வீச்சு பட்ட தோல் சில வாரம் கருத்துக் காந்தும், அசதி இருக்கும். மார்பை எடுத்தவளுக்கோ வேறு வகைத் தொல்லை. ரத்தநீர் வடிய வைத்த டியூபும் பையுமாக ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். ஹவுசிங் போர்டு வீட்டின் ஒற்றை அறையில், வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவே அந்தப் பையோடு உடை மாற்றுவது என்பதை அறுவைக்கான யோசனையில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

கை என்று முன்பே சொன்னேன். இரண்டு வழியிலும் அக்குளில் கத்தி படுகிறது. உழைக்கும் பெண்ணுக்கு எடுப்பதா காப்பதா என்பதற்கு இணையாக, சில சமயம் அதைவிடவும் பெரிய கேள்வி அங்கே இருக்கிறது. அக்குள் கணுக்களை முழுவதுமாக எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. முதலில் நோய் எட்டக்கூடிய ஓரிரு கணுக்களை மட்டும் சாயம் செலுத்திக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிக்கும் முறையில் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்குகிறது. அக்குளில் நோய் தென்படாதவர்களுக்கு இந்த இரண்டாவது முறை போதும். மீன் வெட்டுகிறவளின் கையில் கெளுத்தி முள் குத்தாத நாள் உண்டா? நிணநீர் வடிகால் அறுந்த கையில் அப்படி ஒரு குத்து, காய்ச்சலும் சிவப்புமாகக் கை முழுக்கப் பரவக்கூடும். ஒவ்வொரு தொற்றுக்குப் பிறகும் வீக்கம் கொஞ்சம் நிரந்தரமாகும். நோய் இடப்பக்கமா வலப்பக்கமா, அவள் கத்தி பிடிக்கும் கை எது, மீனைப் பிடிக்கும் கை எது என்பதை மருத்துவர் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கைக்குத் தடித்த கையுறை, கீறல் விழுந்தால் உடனே சோப்புத் தண்ணீர், சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கனமே தூக்கக் கூடாது என்ற பழைய அறிவுரை ஒன்று உண்டு. கூடையும் குடமும் சுமந்து பிழைப்பவளுக்கு அது வேலையைவிட்டு நில் என்று சொல்வதற்குச் சமம். 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டிப் பழக்கினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று காட்டியது. எடுத்த எடுப்பில் முழுக் கூடையைத் தூக்குவதுதான் தவறு.

திருவொற்றியூர்த் தொழிற்சாலைப் பெண்ணுக்கு இதே ஒப்பீடு வேறு மாதிரி சாயும். அவளுக்குச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், சாதாரண நோய்க்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உண்டு. புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். மூன்று வாரக் கதிர்வீச்சு அவள் கூலியை முழுதாகத் தின்றுவிடாது. ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்ப்பவள் தன் பெயரில் ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்பதை நோய் வந்த அன்றைக்குத் தேடத் தொடங்குவது பெரிய கொடுமை. மீன்காரிக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவு உண்டு. அது மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் பணம்; விட்டுப்போன நாள் கூலி அவள் கைக்கு வராது. ஒரே நோய், ஒரே நிலை, ஒரே வயது என்றாலும் இந்த இரண்டு பெண்களும் வெவ்வேறு வழியில் போனால் இரண்டு முடிவும் சரியாகவே இருக்கலாம்.

வயதானவளின் கதைதான் என்னை அதிகம் வருத்துகிறது. “இந்த வயசுல இது எதுக்கு, எடுத்துட்டுப் போவட்டும்” என்று மகனும் மருமகளும் அவள் சார்பில் சொல்லிவிடுவார்கள். அவளும் தலையாட்டுவாள். ஆனால் காக்கும் வழி மிக எளிதாகப் பொருந்துவது அவளைப் போன்றவர்களுக்குத்தான். 65 வயதுக்கு மேற்பட்ட, 3 சென்டிமீட்டருக்குள் கட்டி உள்ள, அக்குளில் நோய் இல்லாத, ஹார்மோன் மாத்திரைக்கு இணங்கும் வகைப் புற்று உள்ள 1,326 பெண்களை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. 2023-இல் அதன் பத்தாண்டு முடிவு வந்தது. கதிர்வீச்சு கொடுக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, கொடுத்தவர்களில் 0.9 சதவீதம். உயிரோடிருந்தவர்கள் இரண்டு குழுவிலும் 81 சதவீதத்தை ஒட்டி. அதாவது அந்தப் பாட்டிக்குச் சின்ன அறுவை, தினம் ஒரு மாத்திரை, கரண்ட் இல்லை என்ற வழியும் திறந்திருக்கிறது. அதை அவள் காதில் யாராவது போட வேண்டாமா? ஆறு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பு அவளுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அவளைக் கேட்காமலே எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

வீட்டைக் கேட்டுச் சொல்வது தவறில்லை. “வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வரேன்” என்று அவள் சொல்வதில் பயம் மட்டுமில்லை; கூட வரப் போகிறவர், வீட்டில் சமைக்கப் போகிறவர், வட்டிக்குப் பணம் புரட்டப் போகிறவர் யார் என்ற ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. நோயாளி தனியாக உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் சுதந்திரம் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அவளுக்குப் பதிலாக வீடு கையெழுத்திடுவது வேறு. இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1995-இல் டெல்லியில் சமீரா கோலி என்ற பெண்ணை, உள்ளே என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக மயக்கத்தில் வைத்திருந்தபோது, வெளியில் இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, வயது வந்த பெண் தானே பின்னர் முடிவு சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போது தாயின் சம்மதமும் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. மார்பில் வந்த கட்டி அப்படிப்பட்ட அவசரம் கிடையாது.

இரண்டில் எதையும் வேண்டாம் என்று நாட்டு மருந்தை மட்டும் நம்பிப் போகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் 2018-இல் வெளிவந்த ஆய்வு, மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டது. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

எண்ணூர்ப் பெண்கள் இன்னொன்றும் கேட்பார்கள்: “இந்தப் புகையாலதான் வந்துச்சா?” 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியதையும் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயம். ஒருத்தியின் கட்டிக்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்ட எந்தச் சோதனையாலும் முடியாது. எப்படி வந்திருந்தாலும் எடுப்பதா காப்பதா என்ற கேள்விக்கு விடை மாறுவதும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவளை ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டு, அடுத்த நிமிடம் படிவத்தை நீட்டினால் அவள் மனம் திறந்து பேச மாட்டாள்.

இரண்டு வழியும் போய்ச் சேரும் ஓர் இடம் உண்டு. பயாப்ஸி அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று சோதனை முடிவுகள் இருக்கும். முதல் இரண்டில் ஒன்று பாசிட்டிவ் என்றால் ஐந்து ஆண்டு ஹார்மோன் மாத்திரை. மாதவிடாய் நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் தமொக்சிஃபென். ஈ.ஆர். பாசிட்டிவ் வகையில் ஐந்து ஆண்டு அதைச் சரியாக எடுத்தவர்களுக்கு, பதினைந்து ஆண்டுக் கணக்கில், இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எடுப்பதற்கும் காப்பதற்கும் இடையில் தேடிப் பார்த்தும் இருபது ஆண்டில் கிடைக்காத உயிர் வித்தியாசம், விலை குறைந்த இந்த மாத்திரையில் கிடைக்கிறது. புண் ஆறி, முடி வளர்ந்து, வியாபாரத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு “அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே” என்று இதை நிறுத்திவிடுவது எந்த வழியில் வந்தவளுக்கும் நடக்கக்கூடியது. ஈ.ஆர். முடிவு உள்ள அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, காப்பீட்டு அட்டையும் ஓபி சீட்டும் இருக்கும் அதே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கையெழுத்து போடுவதற்கு முன்னால், கரண்ட் எத்தனை நாள், எந்த ஆஸ்பத்திரியில், அக்குளில் எவ்வளவு எடுப்பார்கள் என்ற மூன்றுக்கும் பதிலை அந்தச் சீட்டின் பின்பக்கம் பேரப்பிள்ளையை விட்டாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.